கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று காயிதம்

ஓட்டமாவடியில் எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், எல்லோரும் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டோம். அவருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று வாப்பா வைத்தது. மற்றது வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்ட் பாஸ்போர்ட்டில் எழுதியது. இரண்டையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ராத்தா அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார் என்ற பயம், அவர் மவுத்தாகி, அடக்கம் செய்து ஒரு வருஷமான பிறகும் எனக்கு இருக்கிறது.

ஒருவர் செய்த கெடுதியை ராத்தா மறந்துபோனதாக நான் அறியேன். திட்ட மாட்டார். வேலியில் நின்று சண்டை பிடிக்க மாட்டார். பேசாமல் இருப்பார். ஐந்து வருஷம், பத்து வருஷம். எதிராளிக்கே அது மறந்துபோயிருக்கும். பிறகு ஒருநாள், தனக்கு என்ன செய்யப்பட்டதோ அதையே, அதே மாதிரி, அதே அளவுக்குத் திருப்பிச் செய்வார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்த புதிதில் பக்கத்து ஒழுங்கையில் ஒரு கலியாணம். எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அந்தத் தட்டுக்கு சஹன் என்று பெயர். ராத்தா போய் ஒரு சஹனில் உட்கார்ந்திருக்கிறார். மரம் விற்கும் மரக்காலைக்காரரின் மனைவி அவரைக் கண்டதும் எழுந்து, "கண்ட கண்ட ஊட்டுல திண்ட கையி" என்று சொல்லிவிட்டு, கூட இருந்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார். ஆறு பேருக்கான சோற்றின் முன்னால் ராத்தா தனியே இருந்தார். தன்னுடைய பக்கத்துச் சோற்றை மட்டும் சாப்பிட்டு, கை கழுவி, வீட்டுக்கு வந்தார்.

பல வருஷங்களுக்குப் பிறகு ராத்தாவின் மகனுக்குக் கலியாணம். மரக்காலைக்காரர் வீட்டுக்கு ராத்தாவே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த அம்மாவைக் கூட்டிவர ஆட்டோ அனுப்பினார். மின்விசிறிக்குக் கீழே, நல்ல பாய் விரித்து உட்காரவைத்து, ஆட்டிறைச்சி மேலே மேலே வைத்த சஹன் ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். மற்றப் பெண்கள் எல்லோரையும் உள் அறையிலும் பின் கொட்டகையிலும் இருத்தியாயிற்று. அந்த அம்மா அங்குமிங்கும் பார்த்தார். யாரும் வரவில்லை. ராத்தா தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றார்.

"சாப்பிடுங்க மச்சி. ஆறு பேர்ட சோறு. அவசரமில்ல."

அன்று பந்தியில் கறி பரிமாறியவர்களில் நானும் ஒருத்தி. அந்தச் சஹனுக்குக் கிட்டப் போகக் கூடாது என்று எனக்கும் சொல்லியிருந்தார். சொன்னபடி செய்தேன். அந்த அம்மா ஒரே கவளத்தைத் திரும்பத் திரும்பப் பிசைந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. பிறகு கேட்டேன்.

"பாவமா இருக்கல்லயா ராத்தா? அவ செஞ்சதப் பொறுத்திருக்கலாமே?"

"பொறுக்கிறது அல்லாஹ்ட வேல, புள்ள. நான் அவன்ட வேலையில கை வெக்கிறல்ல."

இதை அவர் அடிக்கடி சொல்வார். இடியப்பம் பிழிந்துகொண்டே, உரலைத் திருகியபடி, யாரையும் பார்க்காமல் சொல்வார். காலையில் பஸ் நிலையத்துப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் அவருடைய இடியப்பம்தான் போகும். அவருக்குப் பிழையாக ஏதாவது செய்துவிட்டுக் காலையில் நிம்மதியாக அந்த இடியப்பத்தைச் சாப்பிட்டவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

ஏஜென்டுடைய கதையும் அப்படித்தான். அந்த மனிதன் பிரதேச சபைத் தேர்தலுக்குக் கேட்டான். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து சலாம் சொல்லி, "ராத்தா, உங்கட வோட்டு எனக்குத்தான்" என்றான்.

"போடுறன். எந்தப் பேரில போடுற? வாப்பா வெச்ச பேரிலயா, நீ வெச்ச பேரிலயா?"

பின்னால் நின்ற அவனுடைய ஆட்களே சிரித்துவிட்டார்கள். பொழுதுபடுவதற்குள் அந்தக் கேள்வி பாலத்தைக் கடந்து வாழைச்சேனைத் தேநீர்க் கடைகள்வரை போய்விட்டது. அவன் தோற்றுப்போனான். இருபது வருஷம் அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ராத்தா காத்திருந்திருக்கிறார்.

ஆனால் இவையெல்லாம் சின்ன விஷயங்கள். ராத்தாவின் பெரிய வன்மம் அவருடைய சொந்தத் தங்கச்சிமேல்.

ராத்தா வெளிநாட்டுக்குப் போனபோது அவருக்கு இருபது வயது. கணவர் லொறி விபத்தில் போய்விட்டார். பத்து மாதக் கைக்குழந்தையை உம்மாவிடமும் தங்கச்சியிடமும் விட்டுவிட்டுப் போனார். உம்மாவுக்கு எழுதத் தெரியாது. வீட்டில் கடிதம் எழுதக்கூடியவர் தங்கச்சி ஒருத்திதான். முதல் நாலைந்து மாதம் கடிதங்கள் வந்தன. பிறகு நின்றுவிட்டன. இரண்டு வருஷத்துக்கு மேல் ஊரிலிருந்து ஒரு வரியும் இல்லை. ஒப்பந்தம் முடிந்து வந்து வீட்டுவாசலில் இறங்கி, "உம்மா எங்க?" என்று கேட்டபோதுதான், உம்மா மவுத்தாகி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது என்று தெரிந்தது.

தங்கச்சி அழுதிருக்கிறார். "எழுதினனே ராத்தா, மூணு காயிதம் போட்டனே, நீங்கதான் பதில் போடல்ல."

"முதல் வந்த காயிதத்துக்குத் தெரிஞ்ச வழி, பிறகு வந்த காயிதத்துக்கு மட்டும் தெரியாமப் போன?"

"சத்தியம் பண்ணவா?"

"பொய்ச் சத்தியம் வேற பண்ணாத."

அதுதான் தங்கச்சியோடு ராத்தா கடைசியாகப் பேசியது. ஒரே கூரைக்குள் பேசாமல் இருக்க முடியாமல் ஒரு வாரத்தில் தங்கச்சி ஒழுங்கையின் முடிவில், ஆற்றோரம் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு போய்விட்டார். நடந்தால் பத்து நிமிஷம். இருபத்தெட்டு வருஷம் ராத்தா அந்தப் பக்கம் போகவில்லை. மற்றவர்களுக்குக் கொடுத்ததைப் போல இதற்கு அளவு வைக்கவும் இல்லை. உம்மாவின் மவுத்து தனக்கு எப்படித் தெரியாமல் போனதோ, அப்படித் தன் வீட்டில் நடக்கும் எதுவும் தங்கச்சிக்குத் தெரியக் கூடாது என்று எங்கள் எல்லோரையும் கட்டுப்படுத்தி வைத்திருந்தார். பத்து மாதத்திலிருந்து மூன்று வயதுவரை தன் இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளையின் கலியாணத்தை, பந்தல் பாட்டுக் கேட்டுத்தான் தங்கச்சி தெரிந்துகொண்டார். தங்கச்சியின் கணவர் வட்டைக்குள் வயல் வரம்பில் விழுந்து மவுத்தானபோது, எங்கள் ஒழுங்கையே அங்கே போயிருந்தது. ராத்தா அன்றும் இடியப்பம் அவித்தார்.

இப்படியிருக்கும்போதுதான் நானும் ராத்தாவும் ஒரே சமயத்தில் வெளிநாட்டில் நிற்க நேர்ந்தது. ராத்தா அந்தக் காலத்தில் போயிருந்த அதே அரபு நகரத்தில் என் கணவர் ஒரு கடையில் வேலை செய்கிறார். டீச்சராக இருந்ததால் பள்ளிக்கூட விடுமுறைக்கு நான் ஒரு மாதம் போயிருந்தேன். ராத்தாவின் மகன் அதே ஊரில் வாகனம் ஓட்டுகிறான். அவனும் உம்மாவை விசிட் விசாவில் கூப்பிட்டிருந்தான். ஆண்கள் வேலைக்குப் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அங்குமிங்கும் போவோம். ஒருநாள் காலையில் மகன் எங்களைக் கடலோரம் பழைய நகரத்தில் இறக்கிவிட்டான்.

"இந்த ஊட்ட இப்ப மியூசியமா வெச்சிருக்காங்க. பழைய சாமானெல்லாம் இருக்கும். உள்ளுக்குக் குளிர். பாத்துட்டு இருங்க, பகலைக்கு வந்து கூட்டிட்டுப் போறன்."

அவன் போய்விட்டான். ராத்தா தெருவில் நின்று அந்தக் கதவைப் பார்த்தார். பித்தளைக் குமிழ்கள் அடித்த பெரிய மரக்கதவு.

"புள்ள, இது நான் வேல செஞ்ச ஊடு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எத்தனையோ வீடுகள் இப்படி இருக்கும் என்றேன். ராத்தா பதில் சொல்லாமல் டிக்கெட் வாங்கும் இடத்தைத் தாண்டி முன்வாசலால் உள்ளே போனார். போனவர் திரும்பி வெளியே வந்தார். மறுபடியும் அதே வாசலால் உள்ளே போனார்.

"இந்த வாசலால நான் ஒரு நாளும் போகல்ல. எங்களுக்கு அடுப்படி வாசல்தான். இப்ப ரெண்டு தரம் போயாச்சு."

ராத்தாவுக்கு அரபு பேச நன்றாக வரும். குர்ஆன் ஓதவும் தெரியும். ஆனால் அறிவிப்புகளை வாசித்து விளங்கிக்கொள்ள வராது. ஒவ்வொரு அறையிலும் எழுதியிருந்த ஆங்கிலத்தை நான் வாசித்துச் சொன்னேன். நகரத்தின் வரலாறு, முத்துக் குளித்தவர்கள், இந்தியாவோடு மரமும் அரிசியும் வியாபாரம் செய்த குடும்பம். அடுப்படியில் செம்புப் பானைகளை வரிசையாக வைத்து, "வீட்டுப் பெண்கள் இங்கே கூடிச் சமைத்தார்கள்" என்று எழுதியிருந்தது.

"எந்த ஊட்டுப் பொண்டுகள்? நானும் ஒரு பிலிப்பைன்காரியும்தான். அந்தப் பெரிய பான என்ட கையில விழுந்து ரெண்டு மாசம் புண்."

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. உள்ளே ஓலைப்பெட்டிகள். "பேரீச்சம்பழம் சேமித்து வைக்கும் அறை" என்று வாசித்தேன். ராத்தா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுக்குள்ள என்னப் போட்டுப் பூட்டின. ஒம்பது நாள்."

அன்றுதான் அந்தக் கதையை முதல் முதலாகக் கேட்டேன். எசமானியம்மாவின் காப்பு ஒன்று காணாமல் போயிருக்கிறது. ராத்தாதான் எடுத்தார் என்று முடிவுகட்டி, அறையில் பூட்டி, ஒப்புக்கொள்ளச் சொல்லி, அடுப்படிக் கத்தரிக்கோலால் அவருடைய தலைமுடியைப் பிடரியோடு வெட்டியிருக்கிறார் அந்த அம்மா. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. ஒரு மாதத்துக்குப் பிறகு காப்பு அந்த வீட்டுச் சின்ன மகளின் பொம்மைப் பெட்டிக்குள் கிடைத்தது. மறுநாள் ராத்தாவை வழக்கம்போல மீன் கழுவச் சொன்னார்கள்.

"அதுக்குப் பிறகு ஊர்ல இருந்து காயிதம் வந்ததா மாமா எண்டு கேப்பன். அங்க எசமானிய மாமா எண்டுதான் கூப்பிடுற. கைய விரிச்சு, மா ஃபீ எண்டுவா. ஒண்டும் இல்லையாம். ஒவ்வொரு கிழமையும் கேப்பன். ஒவ்வொரு கிழமையும் மா ஃபீ. நான் எழுதிக் குடுத்ததையும் தபால்ல போட்டாவோ தெரியா."

சொல்லிக்கொண்டே அடுத்த அறைக்குப் போனோம். அது வீட்டுத் தலைவரின் எழுத்து அறை. மேசை, மைக்கூடு, தராசு. சுவரோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி. "இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த வணிகக் கடிதங்கள்" என்று நான் வாசித்து முடிக்கவில்லை. ராத்தாவின் நெற்றி கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே பழைய தாள்களுக்கு நடுவில் சிவப்பு, நீலக் கரைபோட்ட மூன்று விமானத் தபால் உறைகள் விசிறிபோல வைக்கப்பட்டிருந்தன. இலங்கை முத்திரை. ஆங்கிலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளையின் உருண்டை எழுத்தில், ராத்தாவின் பாஸ்போர்ட் பெயர். கீழ் மூலையில் தமிழில் தங்கச்சியின் பெயரும் ஓட்டமாவடி விலாசமும். ஒரு உறை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒட்டின இடம் ஒட்டினபடியே இருந்தது.

"வாசி புள்ள."

வாசித்தேன்.

"திரும்ப வாசி."

திரும்பவும் வாசித்தேன். ராத்தா கண்ணாடியிலிருந்து நெற்றியை எடுத்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "எழுதித்தான் இரிக்கிறாள்" என்றார். சொல்லிவிட்டு உள்ளங்கையால் கண்ணாடியில் அடித்தார். ஒரு தரம், இரண்டு தரம். காவலாளி ஓடிவந்தார். மலையாளி. "அம்மா, தொடக் கூடாது" என்றார்.

"என்ட காயிதம். எடுத்துத் தா."

அவர் என்னைப் பார்த்தார். நான் உறையில் இருந்த பெயரைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியையும் ராத்தாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பொறுப்பாக இருப்பவரைக் கூட்டிவரப் போனார்.

வந்தவர் முப்பத்தைந்து வயதுப் பெண். வாசலில் நின்ற அவரை ராத்தா ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஏதோ ஒரு செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணின் முகம் அப்படியே மாறிவிட்டது. ஓடிவந்து ராத்தாவைக் கட்டிக்கொண்டார். காப்பைப் பொம்மைப் பெட்டிக்குள் போட்ட சின்ன மகள் அவர்தான். ராத்தா தூக்கி வளர்த்த பிள்ளை. ராத்தாவின் இரண்டு கைகளும் கீழே தொங்கியபடியே இருந்தன.

"அந்தப் பெட்டியத் திற" என்று அரபில் சொன்னார். சொன்னதை உடனே என் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார். "நான் சொல்ற எல்லாம் நீயும் கேட்டுக்க. ஊர்ல ஒரு சாட்சி வேணும்."

மகள் ஆங்கிலத்தில் என்னிடம் கெஞ்சினார். வீட்டில் இருந்த மேசை இழுப்பறைகளிலிருந்து எல்லாத் தாள்களையும் எடுத்துப் பதிந்துவிட்டார்களாம். பதிந்த பொருளை எடுக்க அனுமதிக் கடிதம் வேண்டுமாம், குழு கூட வேண்டுமாம். அந்தத் தமிழ் எழுத்தும் தங்களுக்குத் தெரியாது, ஆங்கிலத்தில் இருந்த பெயர் யாருடையதென்றும் தெரியாது என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும். ராத்தா அங்கே கயிறு கட்டி வைத்திருந்த நாற்காலியின் கயிற்றைக் கழற்றிவிட்டு, அதில் போய் உட்கார்ந்தார்.

"உன்ட உம்மாவக் கூப்பிடு. அவட கையால தரட்டும். அதுவரைக்கும் நான் இங்கதான். ஒம்பது நாள் இருக்கத் தெரியும் எனக்கு."

மகள் வெளியே போய்த் தொலைபேசியில் பேசினார். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அந்த அம்மா வந்தார். எண்பதை நெருங்கிய மனுஷி. ஒரு பக்கம் கைத்தடி, ஒரு பக்கம் மகளின் தோள். ராத்தா எழும்பவில்லை. அந்த அம்மா நின்றுகொண்டே பேசினார். ராத்தா ஒவ்வொரு வசனமாக எனக்குச் சொன்னார், வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோல.

"காயிதம் வந்த நேரம் என்னில கோவமாம். அதால ஒளிச்சு வெச்சாவாம். காப்புக் கிடைச்ச பிறகு தர வெக்கமா இருந்ததாம். நாளைக்கி, நாளைக்கி எண்டு இருந்துட்டாவாம்."

மகள் பெட்டியைத் திறந்தார். எந்தக் குழுவும் கூடவில்லை. அந்த அம்மா மூன்று உறைகளையும் எடுத்து நீட்டினார். ராத்தா வாங்கி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அந்த அம்மா போகவில்லை. ராத்தாவின் தோளைத் தொட்டு மெதுவாக ஏதோ சொன்னார். கண்களிலிருந்து நீர் வடிந்தது.

"என்ன சொல்றா ராத்தா?"

"தான் அநியாயம் செஞ்ச எல்லாரிட்டயும் பொறுக்கச் சொல்லிக் கேட்டு முடிச்சிட்டாவாம். நான் ஒருத்திதான் மிச்சமாம். நான் பொறுத்தாத்தான் அல்லாஹ்வும் பொறுப்பானாம். கபுறுக்குப் போற வயசு, ஒரு வார்த்த சொல்லு எண்டு கேக்கிறா."

ராத்தா நாற்காலியிலிருந்து எழுந்தார். அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நின்றார். நான் அவருடைய முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "ராத்தா, வயசான மனுஷி. சொல்லிருங்க." அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"மா ஃபீ."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டார். அவருக்கு விளங்கிவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டே கைத்தடியை ஊன்றித் திரும்பினார். ராத்தா முன்வாசலால் வெளியே வந்தார்.

அந்தப் பெண்ணுக்கு ராத்தாவின் மகனுடைய எண் எப்படியோ கிடைத்துவிட்டது. நாங்கள் அங்கே இருந்த நாட்களில் நாலு தரம் போன் எடுத்தார். தன் உம்மா தூங்குவதில்லை என்றார். நாலு தரமும் ராத்தா போனை வாங்கி, அதே இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் கடிதங்களை அவர் பிரிக்கவில்லை. எழுதினவளின் முன்னால்தான் பிரிப்பேன் என்றார். விசாவில் நாள் மிச்சம் இருக்கவே ஊருக்கு வந்துவிட்டார். நானும் வந்த மறுநாள் காலையிலேயே கதவைத் தட்டினார்.

"வா புள்ள. தனியப் போனா அவள் கதவு திறக்க மாட்டாள்."

ஒழுங்கை முழுவதும் வாசலுக்கு வந்து பார்த்தது. தங்கச்சியின் வீடு இப்போது கல்வீடு. முற்றத்தில் மீன்வலை காய்ந்தது. வாசலைக் கூட்டிக்கொண்டு நின்ற தங்கச்சி எங்களைக் கண்டு விளக்குமாற்றைக் கீழே போடாமல் நின்றார். இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு ராத்தா பேசினார்.

"காயிதம் வந்த."

மூன்று உறைகளையும் நீட்டினார். தங்கச்சி உறைகளைப் பார்த்தார். தன் எழுத்தைப் பார்த்தார். வாங்கவில்லை. நடந்ததை நான்தான் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாசிங்க" என்றார்.

"உள்ளுக்குப் போய்..."

"இல்ல. இஞ்சயே. சத்தமா. அண்டைக்கி நான் பொய்க்காரி எண்டு நீங்க சொன்னத்த இந்த ஒழுங்கையே கேட்ட."

ராத்தா முற்றத்தில் நின்று உறையைப் பிரித்தார். முதல் கடிதத்தில், பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டான், உங்கள் போட்டோவைக் கண்டால் உம்மா என்கிறான் என்று இருந்தது. இரண்டாவதில் உம்மாவுக்கு நெஞ்சுநோய், உங்களைத்தான் கேட்கிறா, எசமானியிடம் சொல்லி வாங்கோ என்று இருந்தது. மூன்றாவதில் உம்மா போய்விட்டா. "கடைசியா உங்கட பேரச் சொன்னா. நான் போட்ட காயிதத்துக்குப் பதில் போடாத கோவம் எனக்கு இரிக்கி. ஆனா புள்ளய நல்லாப் பாத்துக்கிறன். யோசிக்க வேணாம்." அந்த இடத்தில் ராத்தா தாளை இறக்கினார். தங்கச்சி காத்திருந்தார். ராத்தா தாளை மறுபடி தூக்கிக் கடைசி வரியையும் வாசித்து முடித்தார்.

"பொறுத்துக்க தங்கச்சி."

ராத்தாவின் வாயில் அந்தச் சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

தங்கச்சி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். "இப்பதானே வாசிச்ச. அப்ப இனிப் பதில எழுதிப் போடுங்க, தபால்ல. ஆறுதலா வாசிக்கிறன்" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் ராத்தாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் ஓட ஓடச் சிரித்தார்.

"பாத்தியா? எப்படிச் சொல்றாள் பாத்தியா? என்ட உம்மாட வயித்துல பொறந்தவள்தான்."

அன்றே எழுத உட்கார்ந்தார். மூன்று கடிதங்களுக்கும் தனித்தனியே மூன்று பதில், கிழமைக்கு ஒன்றாக. பத்து நிமிஷ நடையில் இருக்கும் வீட்டுக்கு முத்திரை ஒட்டித் தபால் கந்தோரில் போட்டார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. மறுமொழி வரவில்லை. மாதம் ஒன்று போனது, இரண்டு போனது. ஒருநாள் என்னை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். தங்கச்சி அலுமாரிக்குள்ளிருந்து மூன்று உறைகளையும் எடுத்து, ஒட்டியிருந்த பக்கத்தை எனக்குக் காட்டினார்.

"போய்ச் சொல்லுங்க டீச்சர். இன்னும் உடைக்கல்ல எண்டு."

வந்து சொன்னேன். ராத்தா இடியப்ப உரலைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"நான் இருபத்தெட்டு வருஷம் எடுத்த. அவள் எடுக்கட்டும்."

"நீங்க போய்த் திரும்ப ஒருக்காக் கேளுங்களேன்."

"அது அவள்ட முறை. நடுவில போய்க் கெடுக்கக் கூடா."

ஐந்தாம் மாதம், காலையில் இடியப்பம் பிழிந்துகொண்டிருக்கும்போதே ராத்தா சாய்ந்துவிட்டார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நேரமிருக்கவில்லை.

அந்த அரபுப் பெண்ணுக்கு நான்தான் சொன்னேன். அழுதார். பிறகு, கடைசி நேரத்தில், இப்போது படுக்கையில் கிடக்கும் தன் உம்மாவைப் பற்றி ராத்தா ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். பொறுத்துவிட்டார் என்று ஒரு பொய் என் நாக்குவரை வந்தது. அந்தக் கிழவி அந்த ஒரு பொய்யில் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பாள். ராத்தாவின் விரித்த இரண்டு கைகளும் எனக்கு முன்னால் நின்றன. "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ராத்தாவின் ஜனாஸாவைக் குளிப்பாட்டத் தங்கச்சி வந்தார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. தலைமாட்டில் நின்று, ராத்தாவின் நரைத்த முடியை அவிழ்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, மூன்றாகப் பின்னிவிட்டார். தூக்குவதற்கு முன்னால், வெளிநாட்டிலிருந்து வந்துசேர்ந்த மகன் முற்றத்தில் நின்று, வழமைப்படி, தன் உம்மா யாருக்கும் தீங்கு செய்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டான். ஆண்கள் பொறுத்தோம் என்றார்கள். பெண்கள் பக்கத்தில் மரக்காலைக்காரரின் மனைவிகூடப் பொறுத்தேன் என்று சொன்னது எனக்குக் கேட்டது. தங்கச்சியின் உதடு அசையவில்லை.

எல்லோரும் போனபிறகு அடுப்படிப் படியில் தங்கச்சிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம்தான்.

"சின்னராத்தா, அந்தக் காயிதங்களையாவது ஒருக்காப் பிரிச்சுப் பாத்திருக்கலாம் நீங்க."

அவர் கையிலிருந்த ஈரத்தை முந்தானையில் துடைத்தார்.

"வந்த அண்டண்டைக்கே வாசிச்சிட்டன். வாசிச்சிட்டுத் திரும்ப ஒட்டி வெச்சன், சோத்துப் பசையால."

"ஏன்?"

"உடைக்கல்ல எண்டு கேள்விப்பட்டா, பொறுக்கேலாம வந்து என்ட வாசல்ல நிண்டு கத்துவா எண்டு பாத்துக்கிட்டு இருந்தன்" என்றார். "அவ வரல்ல."